மேடையேறிய சீர்க்கட்டில்

“கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டா சாமிக்குத் தெரியுமாம்மா?”

பொங்கலுக்கு முந்திய வாரம் ஒருநாள் பொன்னி இப்படிக் கேட்டாள். அப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது அவளுடைய அப்பா நாகராசுதான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தவழ்ந்து உள்ளே போய், தலையை மட்டும் ஆமை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய ஆள் உள்ளே புகுந்து வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்கிறானாம். அவன் சேர்ந்திருந்த நாடக மன்றத்தின் புது நாடகத்துக்கு அது அவசியமாம்.

செவந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

“சாமிக்குத் தெரியும். ஆனா சாமி யார்கிட்டயும் கோள் சொல்ல மாட்டாரு.”

“அடடே! இதை நாடகத்துல சேத்துக்கிறேன்” என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல். மூன்று பேரும் சிரித்தார்கள்.

இன்று அந்த இடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

திருக்கோகர்ணத்துக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, இடுப்பில் கைப்பிள்ளையும் கையில் பொன்னியுமாக வீட்டுக்கு வந்த செவந்தி, அறைக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலைக் காணோம்.

மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தது. அதன்மேல் தலையணைகள். கட்டிலின் கால்கள் இருந்த இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை நேற்றுப் பூசியது போல மின்னியது. தலையணை உறையை இழுத்து நேராக்கி வைத்துவிட்டுப் போகிற திருடன் புதுக்கோட்டையிலேயே ஒருவன்தான் உண்டு. அவன் தனக்குத் தாலி கட்டியவன் என்பது செவந்திக்கு உடனே விளங்கிவிட்டது.

தூங்கிப்போயிருந்த பிள்ளையைத் தூளியில் போட்டாள்.

சாதாரணக் கட்டிலா அது? அன்னவாசலில் அவள் அப்பா அய்யாக்கண்ணு, தோட்டத்துப் பூவரசை வெட்டிக் காயப்போட்டு, ஆசாரியைக் கூடவே இருந்து விரட்டி விரட்டிச் செய்வித்த சீர்க்கட்டில். தலைமாட்டில் நடுவே கண்ணாடி. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிளிகள். ஒரு கிளி கண்ணாடியைப் பார்க்கும். மற்றது, ஆசாரியின் கவனப்பிசகால், முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ பார்க்கும். ஆசாரி மாற்றித் தருகிறேன் என்றபோது அய்யாக்கண்ணு விடவில்லை. “இருக்கட்டும்யா. அந்தக் கிளி நாந்தான். எம் மவ எப்ப வருவாள்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாராம். கிளிகளுக்குக் கீழே சிவப்பு வர்ணத்தில், அறையின் அந்தக் கடைசியில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிசாக எழுதியிருக்கும்: செவந்தி – நாகராசு.

அப்பாவுக்கு இது தெரிந்தால்?

போன வைகாசியில் நடந்ததை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. அன்னவாசல் திருவிழாவுக்கு மன்றத்தார் நாடகம் போட, அதில் நாகராசு குடிகாரனாக நடித்தான். மறுநாள் டீக்கடையில் யாரோ ஒரு வாயாடி, “ஒம்ம மருமகன் தள்ளாடினதைப் பாத்தா பழகின காலு மாதிரி இருக்கே” என்று சொல்லிவிட்டான். அய்யாக்கண்ணு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தார். உட்காரக்கூட இல்லை. “அரிதாரம் பூசுற வீட்டுல எம் பொண்ணு இருக்க வேணாம்” என்றார். செவந்தி காலில் விழுந்து அழுதாள். நாகராசு சூடத்தை ஏற்றி, அதை அடித்து அணைத்து, இனி மேடையேறி நடிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். அதன் பிறகுதான் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“மாப்ள, கேட்டுக்கங்க. இன்னொருக்கா எம் பொண்ணு பேரு கூத்துல அடிபட்டுச்சு, அன்னைக்கே வண்டியக் கட்டிருவேன்.”

நாகராசு சத்தியத்தைக் காப்பாற்றினான். நடிக்கவில்லை. நாடகம் எழுதினான், ஒத்திகை நடத்தினான், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தான். இன்று சாயங்காலம் டவுன் ஹாலில் அவனுடைய ‘ஒரு கட்டில், இரண்டு கதவு’. பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக. தாசில்தார் தலைமை.

அந்த ஒரு கட்டில் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

“செவந்தி... ஏத்தா செவந்தி!”

பக்கத்து வீட்டு ராசாத்தி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முகத்தில் கவலை பாதி, விவரம் கேட்கிற ஆசை பாதி.

“ஒன் கட்டிலு வண்டியில போச்சே, பாத்தேன். ஒங்கப்பாரு வந்திருக்காரா?”

“அப்பாவா? இல்லையேக்கா.”

“அப்ப ஒன்னைய யாரு கூட்டிக்கிட்டு...” ராசாத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “எனக்கு எதுக்கும்மா! மனசு கேக்கல, ஓடியாந்தேன். புருசன் பொஞ்சாதின்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். கட்டிலு போற அளவுக்கா போகணும்?”

செவந்திக்கு அப்போதுதான் முழுசும் உறைத்தது.

அவள் பிறந்த பக்கத்தில் சீர்க்கட்டிலை இரவல் கொடுக்க மாட்டார்கள். விருந்தாளியைக்கூட அதில் படுக்கச் சொல்ல மாட்டார்கள். அது புருஷன் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பெண் இனி அங்கே வாழப்போவதில்லை என்றால். முன்னால் கட்டில் வண்டியில் போகும். பின்னால் பெண் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். சின்ன வயதில் ஒரு அத்தை மகள் அப்படித் திரும்பி வந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூட மனசில்லாமல் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்தார்கள்.

நாகராசுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பெற்றவர்களைச் சிறுவயதில் இழந்து, டவுனில் ஹாஸ்டலில் வளர்ந்தவன். அவனுக்குக் கட்டில் என்றால் நாலு கால்.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நாடகத்துக்குக் கொண்டுபோயிருக்காரு.”

“சீர்க்கட்டிலையா? நாடகத்துக்கா?” ராசாத்தி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “அதுக்குச் சண்டையே தேவலையேடி!”

அந்த நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

“ஆத்தா செவந்தி! இருக்கியா தாயி?”

அய்யாக்கண்ணுதான்.

செவந்தி அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தின கையோடு அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

“வாங்கப்பா... என்ன இந்நேரத்துல?”

“மண்டிக்குக் கடலை போட வந்தேன். பேரப்புள்ளைகளைப் பாக்காம போனா தூக்கம் வருமா?” மடியிலிருந்து வெல்ல உருண்டையை எடுத்துப் பொன்னியின் கையில் கொடுத்தார். “சின்னவன் எங்க?”

“தூங்குறாம்ப்பா.”

“மொகத்தை மட்டும் பாத்துட்டு வாரேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்து வந்தார்.

செவந்தி நகரவில்லை. “வேணாம்ப்பா. இப்பத்தான் கண்ணசந்தான். கதவு கிரீச்சுனு சத்தம் போடும். முழிச்சுட்டான்னா லேசுல அடங்க மாட்டான்.”

அய்யாக்கண்ணு மகளின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அந்தக் கணம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

“அதுவுஞ் சரிதான்” என்று திரும்பி, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பெற்ற தகப்பனிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மோர் எடுத்துவர உள்ளே போனாள். அங்கிருந்தே பொன்னியின் குரல் கேட்டது.

“தாத்தா! எங்க கட்டிலு வண்டியில ஊர்வலம் போச்சு!”

செவந்தியின் கையிலிருந்த செம்பு நழுவிப் பானையில் முட்டியது.

“அப்படியா கண்ணு? சாமி மாதிரியா?”

“ஆமா. ராசாத்தி அத்தை பாத்தாங்க.”

அய்யாக்கண்ணு ராசாத்தியைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் நடக்கிற எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் ராசாத்தி. மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லியிருப்பாள்.

“பிள்ள கனவு கண்டிருக்கும் பெரியப்பா” என்றாள் அவள். “பகல்ல தூங்கி எந்திரிச்சா இப்படித்தான் ஒளறுவா.”

அவர் சிரித்துவிட்டார். அம்மன் அன்றைக்குச் செய்த முதல் உதவி அதுதான் என்று செவந்தி நினைத்துக்கொண்டாள்.

மோரைக் குடித்து முடித்துவிட்டு அய்யாக்கண்ணு மீசையைத் துடைத்தார்.

“மண்டிக்காரரு நாடக டிக்கெட்டு ஒண்ணு குடுத்தாரு. முன்வரிசையாம். மாப்ள எழுதுனதுதானே?”

“ஆமாப்பா.”

“கட்டிலைப் போட்டு நடத்துறதாமே?”

“சும்மா சிரிப்பு நாடகந்தாம்ப்பா.”

“கட்டில்ல சிரிக்கிறதுக்கு என்னாத்தா இருக்கு?” என்றவர், மகள் முகம் வாடுவதைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “மாப்ள வேசம் கட்டலையே?”

“சத்தியத்தை மீற மாட்டாருப்பா.”

“அது போதும். ஊர்க்காரப் பயலுக சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சலிச்சுப் போச்சு ஆத்தா. எங்கண்ணால ஒருக்கா பாத்துப்புட்டா மனசு ஆறிரும். நல்லா இருந்துச்சுன்னா நானே மாப்ள கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போறேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் ‘மனசு ஆறிரும்’ என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பிரியத்தைக் கலைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அக்கா, பிள்ளைகளை...”

“நான் பாத்துக்கிறேன். சின்னவன் முழிச்சா பசும்பாலைச் சுட வச்சுக் குடுக்குறேன். நீ ஓடு!”

டவுன் ஹாலின் பின்பக்கத்து அறையில் பவுடரும் கற்பூரத்தைலமும் கலந்து மணத்தது. ஒருவன் மீசை ஒட்டிக்கொண்டிருந்தான். ஒருவன் மீசையைத் தேடிக்கொண்டிருந்தான். நாகராசு கையில் நாடகத்தாள்களோடு இங்கிட்டும் அங்கிட்டும் பறந்துகொண்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா! அழகுமலை ஒத்திகையில குதிச்ச குதியில கடையில வாடகைக்கு எடுத்த கட்டிலு ரெண்டாப் பொளந்து போச்சு செவந்தி. அடியில ஆள் நுழையிற உசரத்துல ஊருக்குள்ள வேற கட்டிலே இல்ல. நீ கோயிலுக்குப் போயிருந்த. கட்டில்தானேன்னு...”

“கட்டில்தானேன்னா? என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!”

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. சீர்க்கட்டில் எப்போது வாசலைத் தாண்டும் என்பதைக் கேட்டதும், கையிலிருந்த தாள்களை மடக்கி வேட்டியில் செருகிக்கொண்டான்.

“எனக்கு யாருமே சொல்லலையே செவந்தி.”

“நீங்க யார்கிட்டயும் கேக்கலையேங்க.”

திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். முன்வரிசையில் மண்டிக்காரருக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு அய்யாக்கண்ணு.

“பேரு மேல காகிதத்தை ஒட்டிரலாம்” என்றார் அழகுமலை. சர்வே பிரிவு குமாஸ்தா. நாடகத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற வீட்டுக்காரர் அவர்தான். ஒரு பீப்பாயைப் போல இருப்பார்.

“பேரு மட்டுமா அண்ணே? அந்தக் கிளி ஒண்ணு போதும், எங்கப்பாவுக்கு. இருட்டுல தடவியே சொல்லிருவாரு.”

“அப்ப தலைமாட்டையே மூடணும். கண்ணாடியும் போயிரும். கண்ணாடி இல்லேன்னா நாடகமே இல்லையே தங்கச்சி!”

அவர் சொன்னதும் நிஜம். கதை இதுதான்: கல்யாணமாகாதவர்களுக்கு மட்டுமே வீடு விடுகிற ஒரு வீட்டுக்காரர், பிரம்மச்சாரி என்று சொல்லிக் குடிவந்த ஒரு கணவன், அவனைத் தேடி ஊரிலிருந்து வந்துவிட்ட மனைவி. வேவு பார்க்க நுழைந்த வீட்டுக்காரர், அவள் வருகிற சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். அவள் தலைமாட்டுக் கண்ணாடியில் தலை வாரும்போது, பின்னால் அவருடைய வழுக்கை மெல்ல எழும்பும். அந்த இடத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

நாகராசு திரை இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தான்.

“கட்டிலை எடுத்திருங்க. பாயை விரிச்சு என்ன முடியுதோ செய்வோம்.”

“பாய்க்கு அடியில நான் எப்படிய்யா நுழையிறது?” அழகுமலைக்கு அழுகையே வந்துவிட்டது. “பள்ளிக்கூடத்துக்குன்னு ஊரே டிக்கெட்டு வாங்கியிருக்கு. ஆறு மாசப் பாடு!”

ஒருவரும் செவந்தியைப் பார்த்துக் கடிந்து பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. இத்தனை பேர் உழைப்பும் தன் ஒருத்தியால் பாழாகப் போகிறது.

“நான் ஒண்ணு சொல்லலாங்களா?”

மூலையிலிருந்து வந்தது குரல். அதுவரை அங்கே ஒரு பெண் இருப்பதையே செவந்தி கவனிக்கவில்லை. மனைவி வேஷத்துக்காகக் கூலிக்கு அமர்த்திய நடிகை, அடைக்கலமேரி. அவளுக்கு யாரும் நாற்காலி போட்டிருக்கவில்லை. தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் கட்டிய தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். தூளிக்குள் ஆண் குழந்தை ஒன்று தூங்கியது. ஆர்மோனியக்காரப் புருஷன் கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு நாடகத்துக்குப் போய்விட்டதால், பிள்ளையை விட்டுவர ஆள் இல்லையாம்.

“கண்ணாடி வேணுங்கிறது எனக்குத்தானேங்க? நான் கைக்கண்ணாடியில பாத்துக்கிறேன். தலைமாட்டுல ஒரு சேலையக் காயப்போட்ட மாதிரி போட்டு மூடிருவோம். குடித்தனக்காரி வீடுதானே, சேலை காய்ஞ்சா என்ன?”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சேலைக்கு எங்க போறது?” என்றான் நாகராசு. மன்றத்தின் பெட்டியில் இருந்தது ராஜாவின் அங்கவஸ்திரமும் ஒரு புலித்தோலும்தான்.

அடைக்கலமேரி தகரப்பெட்டியைத் திறந்தாள். வேஷம் கலைத்தபின் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வைத்திருந்த கருநீலச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்துச் செவந்தியிடம் நீட்டினாள்.

“கசங்கிப் போயிருமேக்கா. ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?”

“என் பேரு எழுதின கட்டிலு எனக்குக் கிடையாது தங்கச்சி. இருக்கிறவங்க கட்டிலாவது அவங்க வீட்டுல இருக்கட்டுமே.” சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கப்பா என்னைய முன்வரிசையில உக்காந்து பாத்ததே இல்ல. ஒங்க அப்பா பாக்குறாரு. நல்லாச் செய்யணும்” என்றாள்.

திரை விலகியது.

செவந்தி பக்கத் திரையின் மடிப்பில் நின்றுகொண்டாள். மேடையைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பார்த்ததெல்லாம் முன்வரிசையில் ஒரே ஒரு முகத்தை.

முதலில் அந்த முகம் கல்லாக இருந்தது. கட்டிலைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, மனைவி வேஷக்காரியைச் சந்தேகமாகப் பார்த்தது. கணவன் வேஷக்காரன் மனைவியை “எங்க ஆபீஸ் பியூன்” என்று வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்தபோது மீசை கொஞ்சம் அசைந்தது. பியூன் ஏன் மல்லிகைப்பூ வைத்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் கேட்டபோது, அய்யாக்கண்ணுவின் தோள்கள் குலுங்கின. துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மண்டிக்காரரின் தொடையில் ஓங்கித் தட்டினார்.

அம்மா தாயே, என்று செவந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்ததாக, அழகுமலை கட்டிலுக்கு அடியில் பாய்ந்தார்.

ஒத்திகையில் பாய்ந்ததைவிட உற்சாகமாகப் பாய்ந்துவிட்டார். கட்டில் ஒரு முறை எகிறி விழுந்தது. தலைமாட்டில் இருந்த கருநீலச் சேலை ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்த இடத்தில், சபையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கிளி. அதற்குக் கீழே சிவப்பு வர்ணத்தில் முதல் எழுத்து.

சபை சிரித்தது. அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை. கையிரண்டையும் முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னால் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

எதிர்ப்பக்கத் திரையில் நின்ற நாகராசு தாள்களைக் கீழே போட்டுவிட்டான். இப்போது மேடைக்குள் போனால் சத்தியம் போகும். போகாவிட்டால் மானம் போகும். அவன் ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டான்.

அதற்குள் அடைக்கலமேரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தாள்.

“இந்தச் சேலைக்கு ஒரு எடத்துல நிக்கத் தெரியுதா? நம்ம வீட்டுக்காரர் மாதிரியே, எப்பப் பாரு எட்டிப் பாக்குறது, நழுவுறது!”

தாளில் இல்லாத வசனம். கூட்டம் ஓ என்று ஆர்ப்பரித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து அழகுமலை இருமினார். அதற்கு இன்னொரு சிரிப்பு. அவள் அவசரப்படாமல் சேலையை உதறி, பாதியாக மடித்து, தலைமாட்டின் இரண்டு முனையிலும் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். கிளி மறைந்தது. எழுத்து மறைந்தது. நல்ல சேலை, முடிச்சுப் போட்ட இடத்தில் நூல் தெறித்து நின்றது செவந்திக்குத் தெரிந்தது.

அய்யாக்கண்ணு மெல்லப் பின்னால் சாய்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்த்துவிட்டாரா? தெரியவில்லை. துடைத்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

கைக்கண்ணாடிக் கட்டம் தொடங்கியது. அடைக்கலமேரி கட்டிலில் உட்கார்ந்து சடையை அவிழ்த்துச் சீப்பை எடுத்தாள். சபை அடங்கியது. அந்த நிசப்தத்தில், மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

சீப்பு நழுவிக் கீழே விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். வசனத்தைத் தொடங்கினாள், பாதியில் விட்டாள், மறுபடி அதையே தொடங்கினாள். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. “பிள்ளை அழுவுதுய்யா, யாருடா அங்க!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். நாகராசு தாளைப் பொறுக்கி வசனத்தை எடுத்துக்கொடுத்தான். அவள் காதில் அது ஏறவில்லை. கண் மட்டும் பக்கத்திரைக்கு வந்து வந்து போனது. எழுந்து ஓடிவிடுவாள் போலிருந்தது.

செவந்தி திரும்பி ஓடினாள்.

பின்னறையில் ஒருவரும் இல்லை. நடிக்கிறவர்கள் மேடையில், மற்றவர்கள் திரைக்கயிற்றுப் பக்கம். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். அது அவள் கழுத்தடியில் வாயை வைத்துத் தேடியது. கிடைக்காமல் முன்னைவிட வீறிட்டது. பசி. தாய் சாயங்காலத்திலிருந்தே வேஷத்தில் இருக்கிறாள்.

தன் பிள்ளைக்குக் கொடுக்காமலே ஓடிவந்தவள் செவந்தி. அழுகை கேட்டதுமே மார்பு கனத்து, ரவிக்கை நனைந்துவிட்டிருந்தது.

யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஜாதி, எந்தக் கோயில் என்று அன்னவாசலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி அவள் மனசிலும் வந்தது. வரவில்லை என்று சொல்வது பொய். ஆனால் அழுகிற வாய்க்கு அந்தக் கேள்வி எதுவும் தெரியவில்லை. அரண்மனை வரைந்த பழைய படுதா ஒன்று சுவரோரம் தொங்கியது. அதன் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் மூடி, பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அழுகை நின்றது.

அந்த அமைதி மேடைவரை போயிருக்க வேண்டும். ஒரு கணம் கழித்து அடைக்கலமேரியின் குரல் எழும்பிற்று. தெளிவாக, விளையாட்டாக, முன்பு இருந்தது போல. கைக்கண்ணாடியில் வழுக்கைத் தலை எழும்பியிருக்க வேண்டும். டவுன் ஹால் கூரை அதிரச் சிரித்தது.

படுதாவில் அரண்மனை ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு கிழிசல். அதன் வழியாக, திறந்து கிடந்த பக்கக் கதவைத் தாண்டி, சபையின் ஒரு ஓரம் தெரிந்தது. எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்க, முன்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சிரிக்கிறவர்களின் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அப்பா!

கிளியை அடையாளம் கண்டுகொண்டுதான் போகிறார். பின்வாசல் வழியாக ஓடினால் கேட்டிலேயே பிடித்துவிடலாம். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சண்டை இல்லப்பா, தெரியாமச் செஞ்சுட்டாருப்பா, நான் சொன்னதுதாம்ப்பா பொய். கோபமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால் நாளைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு நிமிஷத்தை விட்டால் அவரைத் தனியாகப் பிடிக்க முடியாது.

எழப் போனாள். பிள்ளை வாய் நழுவிச் சிணுங்கிற்று. சின்னக் கை ஒன்று அவள் விரலை இறுக்கிப் பிடித்தது.

மேடையில் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். தன் ஒரே நல்ல சேலையைப் பிறத்தியார் கட்டிலில் முடிந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

செவந்தி உட்கார்ந்தாள். கிழிசலில் அப்பாவின் முதுகு சிறுத்து, வாசலைத் தாண்டி மறைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“குடிடா தம்பி” என்றாள். “வயிறு நெறையக் குடி.”

அது அவசரமில்லாமல் குடித்தது. குடித்து முடித்துத் தானாகவே விட்டது. வாயோரத்து நுரையை முந்தானையால் துடைத்து, தோளில் போட்டு முதுகைத் தடவி, ஏப்பம் வந்ததும் தூளியில் கிடத்தினாள். தூளியைக் கொஞ்சம் ஆட்டிவிட்டாள். மேடையில் கைதட்டல் மழைபோல இறங்கியது. ஓடிவருகிற கொலுசுச் சத்தம் கேட்டதும், பின்வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“என்னடா ராசா, தூங்கிட்டியா? பசிக்கலையாடா ஒனக்கு?” என்று உள்ளே அடைக்கலமேரி வியந்துகொண்டிருந்தாள்.

செவந்தி நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டு, அப்பா போன திசையைப் பார்த்து வேகமாக நடந்தாள்.